ராமோஸை விற்ற பணம்

2005 ஆகஸ்ட் 31. ஸ்பெயின் கால்பந்தில் ஆள் வாங்கவும் விற்கவும் அந்தக் கோடைக்குக் கடைசி நாள். அன்றைக்கு செவியா கிளப், தன் பயிற்சிப் பள்ளியில் வளர்த்த செர்ஹியோ ராமோஸை ரியல் மாட்ரிடுக்குக் கொடுத்தது. விலை 2.7 கோடி யூரோ. பையனுக்கு 19 வயது. ஊர், ஆற்றைத் தாண்டினால் வரும் காமாஸ். அதே கோடையில், இரண்டு சீசனில் லீக்கில் 38 கோல் அடித்திருந்த ஜூலியோ பாப்டிஸ்டாவும் அதே மாட்ரிடுக்குத்தான் போனார். பக்கத்து உத்ரேராவின் பிள்ளை ஹொசே அந்தோனியோ ரெயஸ் முந்தைய வருஷம் ஜனவரியிலேயே ஆர்சனலுக்குப் போயாயிற்று. இருபது மாதத்துக்குள் மூன்று பெரிய தலைகளைக் கொடுத்துவிட்ட கிளப், அடுத்த இரண்டு வருஷத்தில் ஐந்து கோப்பை வாங்கியது.

நான் வேலைக்காலம் முழுக்க வங்கியில், சிறுதொழில் கடன் பிரிவில் இருந்தவன். ஓடுகிற மிஷினை விற்று வட்டி கட்டுகிற முதலாளியையும் பார்த்திருக்கிறேன், ஓடுகிற மிஷினை விற்று இன்னும் நல்ல மிஷின் போடுகிறவரையும் பார்த்திருக்கிறேன். கணக்குப் புத்தகத்தில் இரண்டு பேரின் வரவும் ஒரே பத்தியில்தான் ஏறும். ஆளைப் பார்க்கவேண்டும், பட்டறைக்குப் போய்ப் பார்க்கவேண்டும். ஓய்வுக்குப் பிறகு பழகிப்போன பழக்கத்தில் கால்பந்து கிளப்புகளின் வரவு செலவையும் அப்படித்தான் படிக்கிறேன். சின்ன கிளப் ஒன்று நல்ல ஆட்டக்காரர்களை விற்றுக்கொண்டே ஜெயித்துக்கொண்டும் இருக்கமுடியுமா என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது செவியாதான். முடியும் என்பதற்கும் அதுவே சாட்சி, முடியாது என்பதற்கும் அதுவே சாட்சி.

செவியாவைச் சின்ன கிளப் என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 1890இல் தொடங்கியது, நெர்வியோன் பகுதியில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் சொந்த மைதானம், 1986 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டமே அங்கேதான் நடந்தது. ஆனால் லீக் பட்டம் ஒரே ஒரு தடவை, 1945-46 சீசனில். 1948இல் அரசர் கோப்பை வாங்கியபின் 58 வருஷம் பெரிய கோப்பை எதுவும் இல்லை. ஸ்பெயினில் எல்லாவற்றையும் மாட்ரிடையும் பார்சிலோனாவையும் வைத்தே அளக்கிறார்கள். அந்த அளவுகோலில் மற்ற எல்லோரும் சின்னவர்களே.

90களில் நிலைமை அதைவிட மோசம். 1995 ஆகஸ்டில், கொடுக்கவேண்டிய நிதி உத்தரவாதத்தைக் கொடுக்கவில்லை என்று செவியாவையும் செல்த்தாவையும் நிர்வாக உத்தரவால் முதல் டிவிஷனிலிருந்து கீழே தள்ளினார்கள். ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். கடைசியில் இரண்டு கிளப்பையும் திருப்பி எடுத்துக்கொண்டு, லீக்கையே 22 அணியாக்கித் தலைவலியைத் தீர்த்தார்கள். உத்தரவால் தப்பிய கிளப் ஆட்டத்தில் தப்பவில்லை. 1997இல் கீழே, 1999இல் மேலே, 2000இல் மறுபடி கீழே.

அந்த 2000ஆம் வருஷம்தான் மோஞ்சியைக் கூப்பிட்டு ஆள் எடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். முழுப் பெயர் ரமோன் ரொத்ரீகெஸ் வெர்தெஹோ. காடிஸ் பக்கத்து சான் ஃபெர்னாந்தோக்காரர். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்த கோல்கீப்பர். அப்போது 31 வயது. அவரைப் பற்றி அவரே சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. 1992-93இல் மாரடோனா செவியாவுக்கு ஆடியபோது, இவர் கையிலிருந்த ரோலெக்ஸைப் பார்த்து அசலா என்று கேட்டாராம். போலி என்று இவர் ஒப்புக்கொண்டார். சில மாதம் கழித்து மாரடோனா அசலான, விலையுயர்ந்த கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாராம். அசலையும் போலியையும் பிரித்துப் பார்ப்பதே பிழைப்பாகப்போகிற ஆளுக்குப் பொருத்தமான கதை. பொருத்தம் கொஞ்சம் அதிகமோ என்றும் தோன்றும்.

கையில் காசு இல்லை, அணி இரண்டாம் டிவிஷனில். ஹொவாகின் கப்பரோஸ் என்ற பயிற்சியாளர் ஒரே வருஷத்தில் மேலே ஏற்றினார். மோஞ்சி இரண்டு வேலை செய்தார்: பயிற்சிப் பள்ளியைத் தேற்றினார், மற்றவர்கள் கண் படாத இடங்களில் ஆள் வைத்தார். 2002-03 சீசனின் நடுவில் பிரேசிலின் பாஹியா கிளப்பிலிருந்து, அந்த ஊருக்கு வெளியே அதிகம் பேர் அறியாத ஒரு வலது பக்கத் தடுப்பாட்டக்காரர் வந்தார். தானி அல்வெஸ். சாவோ பாவ்லோவில் தடுப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்த பாப்டிஸ்டாவை கப்பரோஸ் முன்னால் தள்ளிவிட, அவர் கோல் இயந்திரமானார்.

அந்தத் தேடல் முறையைப் பற்றிப் பல பேட்டிகளில் மோஞ்சி விளக்கியிருக்கிறார். எனக்கு ஆட்டத்தைவிட அதில்தான் ருசி. 16 பேர். ஆளுக்குச் சில நாட்டு லீக்குகள். சீசனின் முதல் ஐந்து மாதம் இவர்தான் வேண்டும் என்ற நோக்கமே இல்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மாதம் ஒருமுறை, ஒவ்வொரு லீக்குக்கும் அந்த மாதத்தின் சிறந்த பதினொரு பேரை எழுதிக் கொடுக்கவேண்டும். டிசம்பர் வந்ததும் அந்தப் பட்டியல்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்களை மட்டும் இப்போது வேறு வேறு கண்கள் பார்க்கும்: சொந்த மண்ணில் எப்படி, வெளியூரில் எப்படி, நாட்டுக்காக ஆடும்போது எப்படி. கோடை வருவதற்குள் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரிசை தயார்.

மாட்ரிடிலிருந்து ஃபோன் வரும் நாளில் செவியா தேட ஆரம்பிக்கவில்லை. தேடல் முடிந்த பிறகே ஃபோன் வந்தது. ஸ்பெயினில் 1985இன் அரசாணைப்படி, ஆட்டக்காரர் ஒரு தொகையைக் கட்டி ஒப்பந்தத்திலிருந்து வெளியேற வழி உண்டு. அந்தத் தொகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அதைக் கட்டிவிட்டால் கிளப் கதவை அடைக்கமுடியாது. எவன் எப்போது போவான் என்பது உன் கையில் இல்லாதபோது, போனபின் யார் என்பதையாவது கையில் வைத்துக்கொள்ளவேண்டும்.

2005இல் ராமோஸும் பாப்டிஸ்டாவும் கிளம்பிய அதே கோடையில் வந்தவர்களைப் பாருங்கள். டாட்டன்ஹாமிலிருந்து ஃபிரெதெரிக் கனூத்தே. போர்த்தோவில் சோபிக்காத லூயிஸ் ஃபபியானோ. யுவென்டஸுக்கு வேண்டாமற்போன என்ஸோ மரெஸ்கா. வலென்சியாவில் பெஞ்சில் காலம் கழித்த கோல்கீப்பர் அந்த்ரெஸ் பாலோப், அதுவும் இலவசமாக. பயிற்சியாளரும் புதுசு, கப்பரோஸ் போய் ஹுவாந்தே ராமோஸ் வந்திருந்தார். 2006 மே 10, ஐந்தோவன் நகரில் யுஇஎஃப்ஏ கோப்பை இறுதியாட்டம். மிடில்ஸ்பரோவை 4-0 என்று அடித்தார்கள். கோல் போட்டவர்கள் ஃபபியானோ, மரெஸ்கா இரண்டு, கனூத்தே. நாலு கோலும் அந்தக் கோடையில் வந்தவர்களுடையது. செர்ஹியோ ராமோஸ் போனது போனதுதான். ஆனால் அவர் விலை நாலு கோலாகத் திரும்பியது என்று என் புத்தகத்தில் எழுதிக்கொள்வேன். (கனூத்தே செவியாவில் செய்த இன்னொரு வரவு செலவும் உண்டு. 2007இல், வாடகை இடத்தில் இருந்த மசூதி மூடப்படும் நிலை வந்தபோது, அந்தக் கட்டிடத்தைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கிக் கொடுத்தார்.)

அடுத்த வருஷம் அதே கோப்பை. ஆனால் அது தோன்றுகிற அளவுக்குச் சுலபமில்லை. 2007 மார்ச், தொனெத்ஸ்க். ஷாக்தாரிடம் தோற்று வெளியேறும் நிலை. தொண்ணூறு நிமிஷம் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்ததில் நாலாவது நிமிஷம். கார்னர் கிடைக்கிறது. தன் கோலை விட்டுவிட்டு பாலோப் மறுகோடிக்கு ஓடிவந்து தலையால் முட்டி உள்ளே தள்ளினார். கோல்கீப்பர்! அது இல்லையென்றால் அந்தக் கோப்பை இல்லை. கிளாஸ்கோ இறுதியாட்டத்தில் எஸ்பான்யோலின் மூன்று பெனால்டியைத் தடுத்தவரும் அவரே. ஒரு பைசா கொடுக்காமல் எடுத்த ஆள்.

இதையெல்லாம் சொல்லும்போது வியாபாரக் கணக்கில் ஏறாத பெயர் ஒன்று குறுக்கே வருகிறது. அந்தோனியோ புவெர்த்தா. உள்ளூர்ப் பையன், பள்ளியில் வளர்ந்தவர். 2006 ஏப்ரல் 27, அரையிறுதியில் ஷால்கேக்கு எதிராக, மிகைநேரத்தில், இடது காலால் அடித்த ஒரே கோல்தான் செவியாவை ஐந்தோவனுக்கு அனுப்பியது. ஊரில் திருவிழா வாரம். மறு வருஷம் ஆகஸ்ட் 25இல் ஹெத்தாஃபேவுக்கு எதிரான ஆட்டத்தில் மைதானத்தில் சுருண்டு விழுந்தார். 28ஆம் தேதி இறந்துபோனார். வயது 22. விற்றுத் தீராதவர்களால்தான் ஒரு கிளப் தன்னை அடையாளம் கண்டுகொள்கிறது என்பது என் எண்ணம். ஹெசூஸ் நவாஸையும் அந்த வரிசையில் வைப்பேன். ஊரைவிட்டு வெளியே போனால் பதற்றம் தாக்கும் நிலை அவருக்கு இருந்தது. இளமையில் பெரிய கிளப்புகள் கேட்டும் நகரவில்லை.

அல்வெஸை 2006இல் லிவர்பூல் கேட்டது, 2007இல் செல்சி கேட்டது. தலைவர் ஹொசே மரியா தெல் நீதோ அசையவில்லை. 2008இல் பார்சிலோனாவுக்குக் கொடுத்தார். விற்பதற்குச் சம்மதம் இருந்ததைவிட, விற்காமல் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்ததே முக்கியம். அவசரத்தில் இருப்பவனிடம் யாரும் முழு விலை கொடுப்பதில்லை. அதே கோடையில் செய்தூ கெய்த்தாவும் பார்சிலோனாவுக்குப் போனார், ஒப்பந்தத்தில் எழுதியிருந்த 1.4 கோடி யூரோவுக்கு. செவியாவில் ஒரே ஒரு சீசன் ஆடியவர். 2010இல் இன்னொரு அரசர் கோப்பை வந்தது. பிறகு மூன்று வருஷம் சோர்வு.

அப்புறம் 2013. லீக்கில் ஒன்பதாம் இடம். அந்த சீசனில் லீக்கில் 25 கோல் அடித்த அல்வாரோ நெக்ரெதோவையும், கடைசியில் மனசு தேறிய நவாஸையும் மான்செஸ்டர் சிட்டி வாங்கிக்கொண்டது. ஜெஃப்ரி கொந்தொக்பியா மொனாக்கோவுக்கு. எங்கள் வீட்டில் கால்பந்து பார்க்கிற இன்னொரு ஆள் என் அக்கா பையன். கல்லூரி அணிக்கு ஆடியவன். ஃபோனில் புலம்பினான்: "மாமா, க்ராஸ் போடுறவனையும் குடுத்துட்டாங்க, கோல் அடிக்கிறவனையும் குடுத்துட்டாங்க. இனி அங்க என்ன மாமா இருக்கு?"

"வந்தது யாருன்னு பாத்தியாடா?"

"யாரோ பாக்காவாம். பெல்ஜியத்துல ஆடுனவனாம். இருபது வயசு வரைக்கும் பஸ்ல டிக்கெட் கிழிச்சவன் மாமா!"

கொலம்பியாவின் கார்லோஸ் பாக்கா பஸ்ஸில் உதவியாளராக இருந்தது உண்மைதான். ப்ரூஹெ கிளப்பிலிருந்து சுமார் 70 லட்சம் யூரோவுக்கு வந்தார். பிஎஸ்ஜியிலிருந்து கெவின் கமேய்ரோ, லாஸ் பல்மாஸிலிருந்து வித்தோலோ, கடனாக ஸ்டெஃபான் ம்பியா. ஏற்கெனவே இருந்தவர் இவான் ராக்கிதிச். 2011 ஜனவரியில் ஷால்கேயிடம் சுமார் 25 லட்சம் யூரோவுக்கு எடுத்தது.

ஒன்பதாம் இடத்து அணிக்கு ஐரோப்பிய வாசலே திறந்திருக்கக்கூடாது. மலாகாவை யுஇஎஃப்ஏ தடை செய்தது, ராயோ வயெகானோவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. அந்த இரண்டு பேரின் துரதிர்ஷ்டத்தில் செவியா உள்ளே நுழைந்தது. ஆகஸ்ட் வெயிலில் மொந்தெனேக்ரோ கிளப் ஒன்றோடு தகுதிச் சுற்று. மார்ச்சில் சொந்த ஊர் எதிரி பெத்தீஸிடம் முதலாட்டத்தில் 0-2 தோற்று, மறுஆட்டத்தில் சமன் செய்து, பெனால்டியில் தப்பியது. அரையிறுதியில் வலென்சியாவிடம் 94ஆம் நிமிஷம் வரை வெளியே; அப்போது ம்பியாவின் தலை. 2014 மே 14, டூரினில் பென்ஃபிகாவைப் பெனால்டியில் வென்று, 2006இலும் 2007இலும் வாங்கிய அதே கோப்பை. என் அக்கா பையன் விடியற்காலையில் அனுப்பிய செய்தியில் எழுத்தே இல்லை, வெறும் கும்பிடு.

அந்தக் கோடையில் ராக்கிதிச்சை பார்சிலோனாவுக்கு விற்றார்கள், அல்பெர்த்தோ மொரேனோவை லிவர்பூலுக்கு. 2015இல் வார்சாவில் மறுபடி கோப்பை. பாக்கா இரண்டு கோல். அவரை மிலானுக்கு 3 கோடிக்கு விற்றார்கள். 2016இல் பாசலில் லிவர்பூலை வென்று தொடர்ந்து மூன்றாவது. 70 லட்சம் 3 கோடியாகவும், 25 லட்சம் 1.8 கோடியாகவும் மாறிய கணக்கு. என் வேலைக்காலத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தால் மேனேஜர் காபி வாங்கிக் கொடுத்திருப்பார்.

ஆனால் 2016இன் லீக் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஏழாம் இடம். அந்த சீசன் முழுக்க லீக்கில் வெளியூரில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இங்கேதான் செவியாவைப் புகழ்பவர்களோடு நான் முரண்படுகிறேன். நாக்அவுட் கோப்பை ஓர் அணியின் நல்ல இரவுகளை மட்டும் கூட்டிக் காட்டும். லீக் 38 வாரம். அதில் எதையும் மறைக்கமுடியாது. விற்று விற்று வாங்கிய அணி பெரிய இரவுகளுக்கு எழுந்து நின்றது. மழை நாளில் சின்ன ஊருக்குப் போய் மூன்று புள்ளி எடுத்துவரும் பழக்கம் ஒன்றாக ஆடி வருவது, அது படியுமுன் ஆள் மாறிவிடும். இந்த விற்று வாங்கிய காலத்தில் லீக் பட்டத்துக்குக் கடைசி நாள் வரை போட்டியிட்டது 2007இல் மட்டும்தான். இரண்டாவது பட்டம் இன்றுவரை வரவில்லை.

இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் இதே வித்தையை முயன்றது. 2014 கோடையில் லல்லானா, லொவ்ரென், லாம்பர்ட் மூவரும் லிவர்பூலுக்கு, லூக் ஷா மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, சேம்பர்ஸ் ஆர்சனலுக்கு. இனி கீழே என்று எல்லோரும் எழுத, அடுத்த இரண்டு சீசனில் ஏழாம் இடம், ஆறாம் இடம். 2018 ஜனவரியில் வான் டைக்கை 7.5 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். வந்த பணம் அதுபோல் ஒருவரைத் தரவில்லை. 2023இல் கீழே போயிற்று.

மோஞ்சி 2017இல் ரோமாவுக்குப் போனார். அங்கே சலாவையும் அலிசோனையும் லிவர்பூலுக்கு விற்றார். வாங்கியவர்களில் பாஸ்தோரே, ஷிக் போன்றவர்கள் எடுபடவில்லை. இரண்டு வருஷத்துக்குள் வெளியே. ஆகவே இது தனி ஆளின் மந்திரம் இல்லை. அந்த 16 பேர், அவர்களை அவசரப்படுத்தாத ஒரு நிர்வாகம், தோற்றாலும் பொறுக்கிற ஊர் எல்லாம் சேர்ந்த ஒன்று. 2019இல் திரும்பி வந்தார். போர்தோவிலிருந்து 2.5 கோடிக்கு ஜூல் குந்தே, நான்த்திலிருந்து தியேகோ கார்லோஸ். 2020 ஆகஸ்டில் கொலோனில் இன்டரை 3-2 வென்று ஆறாவது கோப்பை.

2022இல் அந்தத் தடுப்பு ஜோடியை ஒரே கோடையில் விற்றார்கள்: குந்தே 5 கோடிக்கு பார்சிலோனாவுக்கு, கார்லோஸ் ஆஸ்டன் வில்லாவுக்கு. பதிலுக்கு வந்த மர்க்காவோவும் நியான்ஸூவும் பாதி நேரம் காயத்தில். ஒரே சீசனில் மூன்று பயிற்சியாளர்கள். லீக்கில் 12ஆம் இடம். இந்த அலங்கோலத்தின் நடுவே, 2023 மே 31, புதாபெஸ்தில் மொரீன்யோவின் ரோமாவைப் பெனால்டியில் வீழ்த்தி ஏழாவது கோப்பை! இந்தக் கோப்பையால் கெடுதலே ஆயிற்று என்று நினைக்கிறேன். வீடு ஒழுகுவது தெரியாமல் விளக்கு போட்டுவிட்டது. அடுத்த மாதம் மோஞ்சி ஆஸ்டன் வில்லாவுக்குப் போய்விட்டார்.

அதன்பின் விற்பனை நிற்கவில்லை. விற்ற பணம் போன இடம் மாறியது. கோவிட் காலத்திலிருந்தே நஷ்டம், ஏறிய சம்பளம், சாம்பியன்ஸ் லீக் வருமானம் நின்றது, போதாக்குறைக்குத் தலைவர் பதவிக்குத் தெல் நீதோ குடும்பத்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் வழக்கு. 2024 செப்டம்பரில் லா லிகா ஒவ்வொரு கிளப்பின் அணிச் செலவு வரம்பை அறிவித்தபோது ரியல் மாட்ரிடுக்குச் சுமார் 75 கோடி யூரோ, செவியாவுக்குச் சுமார் 25 லட்சம். ராக்கிதிச் ஒருவரை எடுத்த விலை. என்-நெசீரியை விற்றது ஃபெனர்பாசேவுக்கு, ஒக்காம்போஸை விற்றது மெக்சிகோவுக்கு. இரண்டும் ஓட்டை அடைக்க. விற்கிற தேதியை இப்போது கடன்தான் முடிவு செய்தது.

2024-25இல், 2001இல் மேலே ஏற்றிய அதே கப்பரோஸை 69 வயதில் கூப்பிட்டுக் கடைசி ஆட்டங்களை ஒப்படைத்தார்கள். 17ஆம் இடம். கீழே இறங்கிய லெகானெஸைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். 2025 கோடையில் தடுப்பாட்டக்காரர் லோய்க் பாதே லெவர்குசனுக்கு, லுக்கெபாகியோ பென்ஃபிகாவுக்கு. வந்தவர்களில் இரண்டு பேர் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள்: அலெக்சிஸ் சான்செஸ், செஸார் அஸ்பிலிக்கெத்தா. இருவரும் இலவசம், இருவருக்கும் 36 வயது. பாஹியாவின் பத்தொன்பது வயதுப் பையனைத் தேடிப் போன கிளப் இது. அக்டோபர் 5ஆம் தேதி, அவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நெர்வியோனில் பார்சிலோனாவை 4-1 என்று அடித்தது; முதல் கோல் சான்செஸ் போட்ட பெனால்டி. எதிரணித் தடுப்பில் நின்றவர் குந்தே.